உள்ளேன் ஐயா

இந்த இதழுக்கு எழுத வேண்டிய தலையங்கம் வேறு. அதை ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு பள்ளிக்கூட விருந்தைப் பற்றி எழுதுகிறேன். அங்கே தின்ற சோறு இன்னும் நெஞ்சிலேயே நிற்கிறது. எழுதினால்தான் இறங்கும் போலிருக்கிறது.

1985 மார்ச்சில் நாங்கள் எஸ்.எஸ்.எல்.சி. எழுதினோம். அப்போது திண்டுக்கல் மதுரை மாவட்டத்தில் இருந்தது. அந்த வருசம் செப்டம்பர் 15ஆம் தேதிதான் தனி மாவட்டம் ஆனது. 40 வருசம் ஆகிவிட்டது என்று 2025 மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழனி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் எங்கள் செட்டு கூடியது. ஆளுக்கு 2,000 ரூபாய் வசூல். வாசலில் மலைக்கோட்டைப் படம் போட்ட பிளக்ஸ். எல்லாருக்கும் '1985' என்று அச்சடித்த பனியன். மூன்று வாத்தியார்களும் ஒரு டீச்சரும் வந்திருந்தார்கள். பொன்னாடை போர்த்தி, காலில் விழுந்து, அழுது, சிரித்து எல்லாம் நடந்தது. மதியம் சீரகச் சம்பா பிரியாணி.

பள்ளியின் பேரை நான் எழுதவில்லை. எழுதினால் ஒரு பள்ளியின் தப்பு, ரெண்டு வாத்தியாரின் தப்பு என்று ஊர் அதைச் சுருக்கிவிடும்.

பத்து மணிக்குப் பேச்சு தொடங்கியது. வெங்காய மண்டி வைத்திருக்கும் நண்பன்தான் ஏற்பாடு எல்லாம். நல்லவன். யாருக்கு ஆஸ்பத்திரி செலவு என்றாலும் முதலில் பணம் அனுப்புகிறவன். அவன் மைக்கைப் பிடித்துச் சொன்னான்: "நாம படிச்சப்ப சாதி தெரியுமா, மதம் தெரியுமா? ஒரே பெஞ்சுல உக்காந்தோம், ஒரே பானைத் தண்ணி குடிச்சோம். இப்ப இருக்குற பயலுகதான் கையில கலர் கலரா கயிறு கட்டிக்கிட்டு வெட்டிக்கிறாய்ங்க. நம்ம காலம் பொற்காலம்ப்பா."

மண்டபமே கைதட்டியது. என் கையும் தட்டியது. தோழர்களே, முதல் வெக்கம் அதுதான். பொய் என்று தெரிந்தும் கை தானாகத் தட்டியது.

எங்கள் அப்பாவுக்கு பேகம்பூர்ப் பக்கம் தோல் ஷாப்பில் வேலை. சுண்ணாம்புக் குழியில் இறங்கி நின்று தோலை மிதிக்கிற வேலை. அதன்பிறகு ஆவாரம்பட்டைத் தொட்டி. அந்த வாழ்க்கையைப் பற்றித் தெரிய வேண்டும் என்றால் டி. செல்வராஜின் 'தோல்' நாவலைப் படியுங்கள். 2012இல் சாகித்ய அகாதெமி விருது வாங்கிய நாவல். திண்டுக்கல் தோல் ஷாப்புத் தொழிலாளிகள் மனுசனாக நிமிர்ந்த கதை அது. அப்பா சாயந்தரம் எத்தனை தடவை குளித்தாலும் அந்த வாடை போகாது. ஒத்தை ரூம் வீடு. என் சட்டையிலும் அது இருந்திருக்கும். எனக்குத் தெரியாது, மூக்கு பழகிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்தவனுக்குத் தெரிந்தது. ஆறாம் வகுப்பில் முதல் வாரமே எங்கள் பெஞ்சு தனி பெஞ்சு ஆகிவிட்டது. வாத்தியார் யாரும் உத்தரவு போடவில்லை. ஒவ்வொருத்தனாக எழுந்து வேறு இடத்துக்குப் போனான். அவ்வளவுதான். "ஒரே பெஞ்சு" என்று நண்பன் சொன்னது இந்த பெஞ்சைத்தான்.

"ஒரே பானைத் தண்ணி" கதையும் இருக்கிறது. திண்டுக்கல் தண்ணிக்குத் தவிக்கிற ஊர் என்பது உங்களுக்குத் தெரியும். இந்த ஊருக்குப் பொண்ணு குடுக்க யோசிப்பார்கள் என்று ஒரு பேச்சே உண்டு. பள்ளியில் வராந்தாவில் பானை, மேலே டம்ளர். நாங்கள் டம்ளரைத் தொட்டதில்லை. தொடாதே என்று எழுதிப் போட்டிருக்கவில்லை. ஒருத்தன் மேலே இருந்து ஊற்றுவான், நாங்கள் கையைக் குவித்துக் குடிப்போம். ஊற்ற ஆள் இல்லாத நாளில் மணி அடிக்கிறவரை தாகத்தோடு இருப்போம். சதாராவில் அண்ணல் அம்பேத்கர் படித்த பள்ளியில் பியூன் வந்து ஊற்றினால்தான் தண்ணி, பியூன் வராத நாளில் தண்ணி இல்லை என்று அவரே தன் நினைவுகளில் எழுதியிருக்கிறார். உட்காரக் கோணிச்சாக்கை வீட்டிலிருந்து கொண்டுபோய், சாயந்தரம் அதையே சுருட்டித் தூக்கிக்கொண்டு வந்தார். 1900இல் அது நடந்தது. எங்களுக்கு 1980. சாக்கு மட்டும் போயிருந்தது.

சோத்துப் பொழுதைச் சொல்லவே வேண்டாம். டிபன் பாக்ஸ் மூடியைப் பாதி திறந்து, மறு கையால் மறைத்துக்கொண்டுதான் தின்போம். உள்ளே என்ன கறி என்று எவன் கண்ணிலும் படக்கூடாது. 40 வருசம் கழித்து அன்றைக்கு மண்டபத்தில் பிரியாணி தின்னும்போதும் என் இடது கை தட்டுக்கு முன்னால் அணை போட்டிருந்ததைப் பார்த்தேன். எடுத்தேன். திரும்பத் தானாக வந்து நின்றது.

இதை எல்லாம் விட வருசத்துக்கு ஒரு தரம் வருகிற அந்தப் பத்து நிமிசம்தான் பெரிது. "எஸ்.சி. பசங்க எல்லாம் எந்திரிங்க, லிஸ்ட் எடுக்கணும்." எழுந்து நிற்போம். வாத்தியார் எண்ணுவார். எழுதுவார். அவர் கெட்ட மனசோடு செய்யவில்லை, சலுகை வாங்கித் தரத்தான் செய்தார். ஆனால் அதுவரை என் சாதி தெரியாதவனுக்கும் அன்றைக்குத் தெரிந்துவிடும். அடுத்த நாள் என்னோடு கோலிக்குண்டு விளையாட ஆள் குறையும்.

சாப்பாட்டுக்கு அப்புறம் ஒவ்வொருத்தராக மைக்கில் பேச வேண்டும் என்றார்கள். இதற்கு நடுவே ஒரு தீர்மானமும் வந்தது: பள்ளிக்கு எங்கள் செட்டு சார்பில் தண்ணி சுத்திகரிக்கும் மிசின் வாங்கித் தருவது, மேலே எங்கள் எல்லார் பேரையும் கல்வெட்டில் போடுவது. முன்னாள் மாணவர்கள் அரசுப் பள்ளிகளுக்குப் பண உதவி செய்ய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்று 2022 டிசம்பரில் தமிழக அரசு திட்டம் தொடங்கியதிலிருந்து இந்த மாதிரிக் காரியம் எல்லா ஊரிலும் நடக்கிறது. நல்ல காரியம்தான். தண்ணி என்றதும் எனக்குப் பானை ஞாபகம் வந்தது. கல்வெட்டில் பேர் என்றதும் வேறு ஒன்று உறைத்தது. "எல்லார் பேரும்" என்றால் யார் யார் பேர்?

என் முறை வந்தது. பெஞ்சையும் பானையையும் நான் பேசவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "எங்க தெருவுல இருந்து 1980 ஜூன்ல ஆறாம் வகுப்புல சேர்ந்தது 11 பேரு. பத்தாம் வகுப்பு எழுதுனது 3 பேரு. மிச்சம் 8 பேரும் இந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக இல்லியா? அவங்க பேரு கல்வெட்டுல வருமா?"

மண்டபம் கம்மென்று ஆகிவிட்டது. பேன் ஓடுகிற சத்தம் கேட்டது. "நல்ல நாளும் அதுவுமா ஏம்ப்பா இதெல்லாம்" என்று ஒரு குரல். மண்டி நண்பன் சமாளித்தான்: "பத்தாவது செட்டுன்னா பத்தாவது எழுதுனவன்தானப்பா. நடுவுல நின்னவன எப்பிடிக் கணக்குல சேக்குறது?" அவன் கேட்டது நியாயமான கேள்வி மாதிரியே இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

வாத்தியார்களில் வயசானவர் ஒருவர், கணக்கு வாத்தியார், கையைத் தூக்கினார். மைக்கை வாங்கவில்லை. உட்கார்ந்தபடியே சொன்னார்: "அவன் கேக்குறது சரிதான். ஒம்பதாங் கிளாஸ்ல வடிகட்டுனது நாங்கதான்." அதற்கு மேல் பேசவில்லை.

தோழர்களே, வாத்தியார் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் இருப்பதை விளக்க வேண்டும். பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வு. பள்ளியின் மானம் அந்த சதவீதத்தில்தான். நூற்றுக்கு நூறு தேர்ச்சி வேண்டும் என்றால், தேற மாட்டான் என்று தோன்றுகிறவனைப் பத்தாம் வகுப்புக்கே அனுப்பாமல் ஒன்பதில் ஃபெயில் போடுவது சுலபம். ஒரு வருசம் ஃபெயில் ஆனால் வசதி உள்ள வீட்டுப் பிள்ளை டியூசன் போவான், திரும்ப எழுதுவான். தோல் ஷாப்புக்காரன் பிள்ளை அடுத்த நாள் அப்பனோடு குழியில் இறங்குவான். தேர்ச்சிப் பட்டியலில் அவன் பேர் வராது, தோல்விப் பட்டியலிலும் வராது. பள்ளி நூறு சதவீதம் என்று பலகை எழுதி வைக்கும். எங்கள் 8 பேரில் 4 பேர் போனது இப்படி.

மற்ற 4 பேர் போனது பசியில். காமராசர் காலத்து மதிய உணவு தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அரசு தொடங்கிய சத்துணவும் முதலில் சின்னப் பிள்ளைகளுக்குத்தான். 15 வயசு வரை உள்ள பிள்ளைகளுக்கு அது வந்தது 1984இல். நாங்கள் அப்போது பத்தாம் வகுப்பு. ஆறிலும் ஏழிலும் பசியோடு உட்கார முடியாமல் போனவனுக்கு நாலு வருசம் தாமதமாக வந்தது சோறு. தோல் பதனிடுகிறவர்கள், மலம் அள்ளுகிறவர்கள் பிள்ளைகளுக்கு என்று ஒன்றிய அரசு 1977-78இல் ஓர் உதவித்தொகை தொடங்கியது. 'அசுத்தமான தொழில்' செய்கிறவர்களின் பிள்ளைகள் என்று பேர் வைத்துக் கொடுத்தார்கள். அதுவும் விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளைக்கு மட்டும். வீட்டிலிருந்து வந்து போகிற பிள்ளைக்கும் உண்டு என்று ஆனது 1991இல். எங்கள் ஆட்கள் எல்லாம் வீட்டிலிருந்து வந்து போனவர்கள்.

ஆக, 8 பேரும் படிக்கப் பிடிக்காமல் ஓடிப்போனவர்கள் இல்லை. ஒவ்வொருத்தரையும் ஒவ்வொரு கதவு வெளியே தள்ளியிருக்கிறது. கதவு திறந்த இடத்தில் நின்றவன் 3 பேர். அதில் ஒருத்தன் 2021இல் கொரோனாவில் போய்விட்டான். மண்டபத்தில் இருந்தது நானும் இன்னொருத்தனும்.

அந்த இன்னொருத்தனைப் பற்றித்தான் இப்போது சொல்ல வேண்டும். எனக்கு அடி விழுந்தது அவனிடம்தான்.

கோயம்புத்தூரில் நல்ல வேலையில் இருந்து ஓய்வு பெறப் போகிறவன். நான் மைக்கை விட்டு இறங்கியதும் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனான். கார் நிறுத்துகிற இடத்தில் வைத்துச் சொன்னான்: "எங்க தெரு, எங்க தெருன்னு ஏண்டா சொன்ன? நீயும் நானும் ஒரே தெருன்னு இங்க பாதிப் பேருக்கு மறந்துபோச்சு. எம் மகளுக்கு மாப்ள பாத்துக்கிட்டு இருக்கேன். வந்திருக்கவன்ல ஒருத்தன் எங்க ஆபீசுக்காரனுக்கு மச்சான். அன்னைக்கு வாத்தியாரு எந்திரிக்க வச்சாரு. இன்னைக்கு நீ எந்திரிக்க வச்சிட்ட."

எனக்குப் பதில் இல்லை. இப்போதும் இல்லை.

இரட்டைமலை சீனிவாசன் 1939இல் வெளியிட்ட தன் வாழ்க்கைக் குறிப்பில் இளமைக் காலம் பற்றிச் சொல்கிறார். கோயம்புத்தூரில் படித்தார். ஏறக்குறைய 400 பிள்ளைகளில் பத்துப் பேர் தவிர எல்லாரும் பிராமணர். பழகினால் வீடு எது, சாதி எது என்று தெரிந்துவிடும் என்று பயந்து, பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்துவிட்டு, மணி அடித்த பிறகு வகுப்புக்குள் போவாராம். விட்டதும் மற்ற பிள்ளைகள் தன்னை எட்டுவதற்குள் வீட்டுக்கு வேகமாக நடந்துவிடுவாராம். பின்னாளில் 'பறையன்' என்ற பேரிலேயே பத்திரிகை நடத்தி, லண்டன் வட்டமேசையில் அண்ணலோடு உட்கார்ந்த மனுசன் அவர். அவருக்கே பள்ளிக்கூடத்தில் ஒளிந்து திரிய வேண்டியிருந்தது. கோயம்புத்தூரிலேயே நூறு வருசத்துக்கும் மேலே கழித்து என் நண்பன் ஒளிந்து திரிகிறான். அவனைக் கோழை என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. ஒளிய வைத்தவனைக் கேட்காமல் ஒளிந்தவனைக் கேட்பது நம் இயக்கத்திலும் உள்ள பழக்கம். மேடையில் நின்று "நான் தலித்" என்று சொல்வது எனக்குச் சுலபம். அதில் எனக்குக் கைதட்டு கிடைக்கிறது. அவனுக்கு மகள் கல்யாணம் நின்றுபோகும். அடுத்தவன் முகத்திரையைக் கிழிப்பது விடுதலை ஆகாது. என்னை நானே இங்கே விமர்சனம் செய்துகொள்கிறேன்: அந்தக் கேள்வியை "எங்க தெரு" என்று சொல்லாமலே கேட்டிருக்க முடியும். பள்ளியின் பதிவேட்டை எடு, ஆறாம் வகுப்பில் எத்தனை, பத்தில் எத்தனை என்று கேட்டிருந்தால் போதும்.

சாயந்தரம் ஊர் திரும்பவில்லை. அந்த 8 பேரில் ஒருத்தனைத் தேடிப் போனேன். ஆறாம் வகுப்பில் கணக்கில் அவன்தான் முதல். ஒன்பதில் நின்றவன். 22 வருசம் தோல் ஷாப்பு. ஷாப்பு மூடிய பிறகு குடோன் வாட்ச்மேன். கால் விரல் இடுக்கெல்லாம் சுண்ணாம்பு தின்றது இன்னும் ஆறாமல் கிடக்கிறது. என் பனியனைப் பார்த்து எல்லாம் புரிந்துகொண்டான். "பிரியாணியா போட்டாய்ங்க?" என்று சிரித்தான்.

"ஒன்னய ஏன் கூப்புடலன்னு கேட்டுட்டு வந்தேன்டா" என்றேன்.

"என்னய எந்தச் செட்டுல கூப்புடுவாய்ங்க? நான் எந்த வருசமும் முடிக்கலியே" என்றான். கோபமே இல்லை குரலில். கொஞ்ச நேரம் கழித்து, "டீச்சர் நல்லா இருக்காங்களா?" என்று கேட்டான். அப்புறம் அவனாகவே சொன்னான்: "ஆறாங் கிளாஸ்ல நீ 7ஆம் நம்பரு. நான் 8. நீ உள்ளேன் ஐயா சொன்ன ஒடனே நான் சொல்லணும்."

45 வருசம் ஆகியும் அவனுக்கு நம்பர் ஞாபகம் இருக்கிறது. எனக்கு மறந்துவிட்டது. பள்ளிக்கூடம் யாருக்கு ஞாபகம், யாருக்குப் பிளக்ஸ் என்பதை அந்தத் திண்ணையில் உட்கார்ந்து படித்துக்கொண்டேன்.

அவன் மகள் கதையையும் சொல்லியாக வேண்டும். பத்தாம் வகுப்பு முடித்து, வேடசந்தூர்ப் பக்கம் ஸ்பின்னிங் மில்லில் மூணு வருசம் இருந்தாள். முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருவோம் என்று பிள்ளை பிடித்துக்கொண்டு போனார்களே, சுமங்கலித் திட்டம், அதில். அப்பனைத் தோல் ஷாப்பு தின்றது, மகளை மில்லு தின்றது. திண்டுக்கல் சமவெளியில் மில்லு ஹாஸ்டலில் படுத்துக் கிடக்கிற பெண் பிள்ளைகளில் நம் தெருப் பிள்ளைகள் எத்தனை என்று போய்ப் பாருங்கள். 2021 ஜனவரியில் இந்த மாவட்டத்திலேயே ஒரு ஆடைத் தொழிற்சாலையின் 20 வயசுத் தலித் பெண் தொழிலாளியை அங்கே சூப்பர்வைசராக இருந்தவன் கொன்றான். அந்தச் சாவுக்குப் பிறகு, தலித் பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடாமல் போராடி, 2022 ஏப்ரலில் நிர்வாகத்திடம் ஒப்பந்தம் வாங்கியது. பாலியல் வன்முறையோடு சாதிப் பாகுபாட்டையும் பேர் சொல்லி எழுதிய ஒப்பந்தம். உலகத்தில் அதற்குப் பேரே 'திண்டுக்கல் ஒப்பந்தம்'. நம் ஊர்ப் பேரை உலகத்துக்குச் சொன்னது பூட்டும் பிரியாணியும் மட்டும் இல்லை தோழர்களே. பள்ளிக்கூடம் கைவிட்ட பெண்களும்தான்.

இனி, "நம்ம காலம் பொற்காலம், இப்பத்தான் கெட்டுப்போச்சு" என்ற பேச்சுக்கு வருவோம்.

2023 ஆகஸ்ட் 9. நாங்குநேரி. பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவனை அவன் வீட்டுக்குள் புகுந்து அரிவாளால் வெட்டியவர்கள் அவனோடு பள்ளியில் படித்த பிள்ளைகள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அந்தப் பையன் ஆஸ்பத்திரியிலிருந்து எழுந்து அடுத்த வருசம் பிளஸ் டூவில் 469 மார்க் வாங்கினான். வெட்டிய பிள்ளைகளுக்கு அந்த வெறுப்பு வானத்திலிருந்து விழவில்லை. "எங்க காலத்துல சாதியே இல்ல" என்று சொல்கிற அப்பன்மார் வீட்டில்தான் அது வளர்ந்தது. டம்ளரைத் தொட விடாத அன்றைய மௌனம்தான் இன்றைக்குக் கயிறாகக் கையில் ஏறியிருக்கிறது. அன்றைக்கு நாங்கள் டம்ளரைத் தொடவில்லை, அதனால் அமைதி இருந்தது. இன்றைக்கு நம் பிள்ளைகள் தொடுகிறார்கள், முதல் மார்க் வாங்குகிறார்கள். அதனால் அரிவாள் வருகிறது. அவர்கள் இழந்துவிட்டதாக ஏங்குகிற பொற்காலம் நம்முடைய அடக்கம்தான்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக் கூடாது, கயிறு, மோதிரம், நெற்றி அடையாளம் கூடாது, உதவித்தொகை விசயத்தை வகுப்பில் பகிரங்கமாகப் பேசாமல் தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்றெல்லாம் பரிந்துரைத்தது. "எஸ்.சி. பசங்க எந்திரிங்க" என்பது ஒரு காயம் என்று அரசுத் தாளில் எழுத எத்தனை தலைமுறை நின்றிருக்கிறோம் பாருங்கள். 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவோம் என்று முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஜூலையில் மாணவர் விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதி என்று பேர் மாற்றுவதாக அறிவித்தார். வரவேற்கிறோம். பேர் மாறட்டும். விடுதியின் கூரையும் சோறும் அந்தப் பேருக்குத் தக்கபடி மாற வேண்டும் என்பதையும் கூடவே சொல்லிக்கொண்டிருப்போம்.

ஆனால் வடிகட்டி இன்னும் தொலையவில்லை. 2019இல் 5ஆம் வகுப்புக்கும் 8ஆம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று தமிழகத்தில் அறிவித்தார்கள். எதிர்ப்புக் கிளம்பி 2020 பிப்ரவரியில் வாபஸ் வாங்கினார்கள். 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு தன் கையில் உள்ள பள்ளிகளில் 5இலும் 8இலும் தேறாத பிள்ளையை நிறுத்திவைக்கலாம் என்று விதியை மாற்றியது. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை அனைவருக்கும் தேர்ச்சி தொடரும் என்று மாநில அமைச்சர் சொன்னார். அது தொடர வேண்டும். "படிக்காத பிள்ளைய ஏன் பாஸ் போடணும்?" என்று கேட்கிற நல்லவர்கள் நம் பக்கத்திலும் இருக்கிறார்கள். அவர்களை என் 8ஆம் நம்பர் நண்பன் வீட்டுத் திண்ணைக்குக் கூட்டிக்கொண்டு போக நான் தயார். ஆறாம் வகுப்பில் கணக்கில் முதல் வந்தவனை ஒன்பதில் எது ஃபெயில் ஆக்கியது என்று அவனிடமே கேட்டுக்கொள்ளட்டும். படிக்காதது பிள்ளையா, படிக்க வைக்காதது பள்ளியா?

பதிவேட்டில் ஏறிய பேருக்கு என்ன மதிப்பு என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. 1900 நவம்பர் 7ஆம் தேதி சதாரா பள்ளிப் பதிவேட்டில் 1914ஆம் எண்ணில் 'பீவா' என்று ஒரு சிறுவன் பேர் ஏறியது. அவர்தான் அண்ணல். அந்த நாளை மாணவர் நாள் என்று 2017இலிருந்து மகாராஷ்டிராவில் கொண்டாடுகிறார்கள். 1952 ஜூனில் அவர் படித்த கொலம்பியா பல்கலைக்கழகம் அமெரிக்காவுக்கு அழைத்து டாக்டர் பட்டம் கொடுத்துக் கௌரவித்தது. முன்னாள் மாணவனைக் கூப்பிட்டு மரியாதை செய்வது என்றால் அதுதான். ஒன்று மட்டும் யோசியுங்கள். சதாராவிலேயே அவர் நின்றுபோயிருந்தால் அந்தப் பதிவேட்டில் அது வெறும் ஒரு பேர், யாரும் தேடாத பேர். அப்படி நின்றுபோன பேர்கள் எத்தனை ஆயிரம் பழைய பதிவேடுகளில் தூசிக்குள் கிடக்கின்றன!

மாணவத் தோழர்களுக்கு இந்த இதழ் ஒரு வேலை வைக்கிறது. உங்களோடு ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் யார் யார் என்று ஞாபகத்திலிருந்து ஒரு தாளில் எழுதுங்கள். இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று தேடுங்கள். தோல் ஷாப்பா, மில்லா, பூ மார்க்கெட்டா, திருப்பூரா, எந்த வகுப்பில் எதனால் நின்றார்கள் என்று அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதுங்கள். பேரை வெளியிட வேண்டாம், அவர்கள் சம்மதம் இல்லாமல் யாரையும் எழுப்பி நிறுத்த வேண்டாம். இந்தப் பாடத்தை நான் வலியோடு கற்றிருக்கிறேன். அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் ஆறில் சேர்ந்தது எத்தனை, பத்து எழுதியது எத்தனை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் எண்ணிக்கை கேளுங்கள். ஒவ்வொரு ஊர்க் கணக்கையும் எங்களுக்கு அனுப்புங்கள், அச்சிடுகிறோம். நின்றுபோனவர்கள் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத வழி இருக்கிறது. விருப்பம் உள்ளவர்களுக்குப் பணம் கட்டுவதும் சாயந்தரம் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பதும் நம் வேலை. அடுத்து எந்த ஊரிலாவது முன்னாள் மாணவர் கூட்டம் நடந்தால், மிசின் வாங்குகிற பணத்தில் பாதியை இதற்குக் கேளுங்கள்.

கடைசியாக ஒரு செய்தி. கூட்டம் முடிந்து பத்து நாள் கழித்து மண்டி நண்பன் போன் செய்தான். பேச்சு சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு சொன்னான்: "பானைத் தண்ணி ஒனக்கு ஊத்துனது நாந்தான்டா. நான் என்னமோ ஒதவி செஞ்சதாத்தான் இத்தன வருசம் நெனச்சுக்கிட்டு இருந்தேன்." கல்வெட்டு வேலையை நிறுத்தி வைத்திருப்பதாகச் சொன்னான். ஆறாம் வகுப்புப் பதிவேடு கிடைக்குமா என்று பள்ளியில் கேட்கப் போகிறானாம். கேட்பானா, கிடைக்குமா, மற்றவர்கள் விடுவார்களா, தெரியாது. கோயம்புத்தூர் நண்பன் என் போனை எடுப்பதில்லை.

நாங்குநேரிப் பையனின் செட்டும் 2064இல் ஏதோ ஒரு மண்டபத்தில் கூடும். பனியன் போட்டுக்கொண்டு ஒருத்தன் மைக்கைப் பிடித்து "நம்ம காலத்துல சாதி பாத்தமா?" என்று கேட்பான். அன்றைக்கு எந்தக் கையும் தானாகத் தட்டாமல் இருக்க வேண்டும் என்றால், இன்றைக்கே கணக்கு எழுதியாக வேண்டும்.

7ஆம் நம்பர், உள்ளேன் ஐயா. 8ஆம் நம்பரைக் கூப்பிடுங்கள்.